பல் டாக்டரின் அபிப்பிராயங்கள்

மிஸஸ் ஆட்கின்ஸ் வாயில் பஞ்சுச் சுருள்களோடு நாற்காலியிலிருந்து எழுந்தார். கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னறையைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய்விட்டார். பாதி துளைத்த கடைவாய்ப் பல்லும் அவரோடு போயிற்று.

டாக்டர் வெண்டல் நோவாக் துளைக்கிற கருவியைப் பிடித்தபடி நின்றார். இறக்குமதி வரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முக்கியமான இடத்துக்கு அப்போதுதான் வந்திருந்தார்.

முன்னறையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருகிற வெர்னா வாசலில் வந்து நின்றார்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"ஒண்ணும் சொல்லலையே. வரி போட்டா சாமான் விலை என்ன ஆகும்னு ஒரு பேச்சு வந்துச்சு."

"பேச்சு எப்படி வரும்? அவங்க வாயில பஞ்சுல்ல இருந்துச்சு."

நோவாக் கருவியைத் தட்டில் வைத்தார். இந்த மாதம் இப்படி எழுந்துபோனது மிஸஸ் ஆட்கின்ஸ் மட்டுமல்ல என்று வெர்னா ஞாபகப்படுத்தினார். சிலர் பாதியில் போனார்கள், சிலர் பல்லை முடித்துக்கொண்டு போய் அடுத்த முறை வரவில்லை. வெளிவட்டச் சாலையில் புதிதாக ஒரு பல் மருத்துவமனை திறந்திருக்கிறார்கள், அங்கே படுத்துக்கொண்டே பார்க்கிற மாதிரி கூரையில் டி.வி. மாட்டியிருக்கிறார்களாம், எல்லாரும் அங்கேதான் போகிறார்கள் என்றும் சொன்னார்.

டொலீடோ நகரத்தில் பழைய கண்ணாடித் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் நோவாக் பல் பிடுங்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. கைத்திறமையில் யாரும் குறை சொன்னதில்லை. ஊசி போடுவதும் நோயாளிக்குத் தெரியாது, பிடுங்குவதும் தெரியாது. ஆனால் நோயாளி வாயைத் திறந்தால் டாக்டரும் வாயைத் திறந்துவிடுவார். வாஷிங்டனில் என்ன செய்ய வேண்டும், வட்டி எப்போது இறங்கும், பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க ஃபுட்பாலில் யார் தோற்பார்கள், எந்த ஆட்டக்காரனை எந்த மடையன் எதற்காக விலைக்கு வாங்கினான் என்று எல்லாவற்றிலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கட்சி விஷயத்தில் அவர் ஓரவஞ்சனை செய்வதில்லை. திங்கட்கிழமை ஒரு கட்சி நாட்டைக் கெடுத்துவிட்டது என்பார், வியாழக்கிழமை இன்னொன்று. போன வாரம் சொன்னது என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கிற வழக்கமும் இல்லை. புதிது சொல்லவே நேரம் போதவில்லை.

வீட்டில் இது நடக்காது. அவர் மனைவி லோயிஸ் கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டுவிட்டார். சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசலாம், அதன் விலையைப் பற்றிப் பேசக்கூடாது. ஆகவே ராத்திரி முழுக்க அடக்கி வைத்ததை அவர் மறுநாள் காலையில்தான் இறக்கி வைக்க முடியும். பதில் சொல்ல முடியாத ஆட்கள் வரிசையாக வந்து முன்னால் படுத்துக்கொள்கிற தொழில் உலகத்தில் வேறு ஏது? அவர்கள் "ஆ" என்றால் அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்.

"தேர்தல் முடியற வரைக்கும் பல்லைத் தவிர எதையும் பேசாதீங்க டாக்டர்," என்றார் வெர்னா.

"ஃபுட்பால்?"

"ஃபுட்பாலும்தான். இந்த ஊர்ல பாதிப் பேரு டெட்ராய்ட் டீம், பாதிப் பேரு கிளீவ்லாந்து டீம். எதைச் சொன்னாலும் பாதி நாற்காலி காலி."

நோவாக் ஒத்துக்கொண்டார். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வாடிக்கைக்காரர்கள் போய்க்கொண்டே இருந்தால் வெர்னாவுக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது?

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வந்தவர் கர்ட் லிண்ட்மன். வீடுகளில் குளிர்கால வெப்ப உலைகளைப் பழுதுபார்க்கிறவர். திடகாத்திரமான மனிதர். வருடாந்தரப் பரிசோதனைக்குத்தான் வந்திருந்தார். வழக்கமாகக் கோட்டைக் கழற்றுவதற்குள் டாக்டரின் பேச்சு தொடங்கிவிடும். இன்று நோவாக் உட்காரச் சொன்னார், திறக்கச் சொன்னார், அதோடு சரி. எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கையில் முந்தின நாள் ஆட்டத்தின் கடைசி நிமிடம் ஞாபகம் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. சொல்லக்கூடாதே என்று நினைத்ததும் ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

லிண்ட்மன் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், எதுவா இருந்தாலும் நேராச் சொல்லிடுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"இத்தனை வருஷமா வர்றேன். ஒரு நாளாவது நீங்க வாயை மூடிப் பாத்ததில்லை. இன்னிக்குப் படத்தைப் பாக்கறீங்க, பெருமூச்சு விடறீங்க, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க."

ஒன்றுமில்லை, பல் நன்றாக இருக்கிறது, பல்லில் படிந்த காறையை மட்டும் கொஞ்சம் எடுத்தால் போதும் என்று நோவாக் சொன்னார். சுருக்கமாகச் சொன்னதாலேயே லிண்ட்மன் அதை நம்பவில்லை. நாற்காலியில் படுத்தபடியே மனைவிக்குப் போன் போட்டு, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மீன்பிடிப் படகைத் தம்பிக்குக் கொடுக்கும்படியும், மச்சானுக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்கக்கூடாதென்றும் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் லிண்ட்மனின் தாடையில் டாக்டர் நோவாக் எதையோ கண்டுபிடித்துவிட்டதாகத் தெரு முழுக்கச் செய்தி பரவியது. தேவாலயப் பெண்கள் லிண்ட்மன் வீட்டுக்கு வந்து, நூடுல்ஸும் சூரை மீனும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் வேகவைத்த உணவை, சாவு வீட்டுக்குத் தருகிற வழக்கப்படி, பாத்திரம் பாத்திரமாகக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தலை முதல் கழுத்து வரை படம் எடுத்துப் பார்த்து, கொஞ்சம் காறை இருக்கிறது என்றார்கள். லிண்ட்மனுக்கு நிம்மதிதான். ஆனால் அத்தனை பாத்திரங்களையும் அவர் ஏற்கெனவே காலி செய்திருந்தார். அவற்றைக் கழுவி, ஒவ்வொரு வீடாகப் போய்த் தான் சாகவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை அவர் வெளிவட்டச் சாலைக்குத்தான் காறை எடுக்கப் போனார்.

அதற்குள் மற்ற நோயாளிகளும் டாக்டரின் மௌனத்தைக் கண்டு வெலவெலத்துப் போயிருந்தார்கள். அறையில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று வெர்னா ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார். கிராமிய கிட்டார்ப் பாட்டு வைத்தால் ஒரு சாரார் டாக்டர் எந்தக் கட்சி என்று தங்களுக்குப் புரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். வயலின் கச்சேரி வைத்தால் மறு சாரார் அதையே சொன்னார்கள். வானிலை மட்டும் சொல்கிற நிலையத்தைப் பிடித்துவைத்தபோது, ஏரிப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது என்று அறிவித்தார்கள். வாயில் குழாயோடு படுத்திருந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டுக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பூமி சூடாகிறது என்கிற அரசியலை இங்கேயும் ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டார்.

ரேடியோ அலமாரிக்குப் போயிற்று.

"அவங்களைப் பேச விடுங்க. பேசி முடிச்சதும் ஆமாம்னு சொல்லிட்டு வேலையைப் பாருங்க," என்றார் வெர்னா.

இது நோவாக்குக்கு முதலில் அவமானமாகப் பட்டது. பிறகு பழகிவிட்டது. நோயாளி உள்ளே வந்ததும், நாடு எப்படிப் போகிறது என்று கேட்பார். அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். "அதைத்தான் நானும் நினைச்சேன்," என்பார். ஒரே குறை, பேச ஆரம்பித்தவர்கள் வாயைத் திறந்தார்களே தவிரப் பல்லைக் காட்டவில்லை. ஒருவருக்கு ஒதுக்கிய நேரம் இரண்டு பேர் நேரமாகிவிட்டது. இருந்தாலும் நாற்காலி நிரம்பியது. டாக்டருக்கு இப்போதுதான் புத்தி தெளிந்திருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இரு கட்சிக்காரர்களும் பேசிக்கொண்டார்கள்.

அங்கேதான் சிக்கல் வந்தது.

அந்த வருடம் நகரசபையில் ஓர் இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கில் சபோ, கார் தொழிற்சாலையில் சங்கத் தலைவராக இருந்தவர், கிளீவ்லாந்து ரசிகர். மற்றவர் டென்னிஸ் ராபர்க், ஊரில் டயர்க் கடைகள் வைத்திருப்பவர், டெட்ராய்ட் தோற்ற நாளில் கடைக்கே வராதவர். இரண்டு பேருக்கும் பல் பார்ப்பது நோவாக்தான்.

சபோ ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, தொழிலாளிகள் இல்லாவிட்டால் இந்த ஊரே இல்லை என்றார். அதைத்தான் நானும் நினைத்தேன் என்றார் நோவாக். சபோ மகிழ்ந்துபோய்ப் போகும்போது காரிலிருந்து தன் பெயர் எழுதிய பலகையை எடுத்துவந்து, ஆஸ்பத்திரிக்கு முன்னாலிருந்த துளிப் புல்தரையில் சுத்தியலால் அடித்து நட்டுவிட்டார். உள்ளே இன்னொருவர் வாயில் இரண்டு கையையும் வைத்திருந்த நோவாக்குக்கு அந்தச் சத்தம் கேட்டது. எதுவும் செய்ய முடியவில்லை.

புதன்கிழமை ராபர்க் வந்தார். பலகையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"என்ன டாக்டர், நீங்களும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டீங்களா? சொந்தமாத் தொழில் நடத்தறவர் நீங்க."

நோவாக் அவசரமாக மறுத்தார். கடைக்காரர்கள் இல்லாவிட்டால் இந்த ஊரே இல்லை என்று ராபர்க் சொன்னதும், அதைத்தான் தானும் நினைத்ததாகச் சொன்னார். அப்படியானால் சரி என்று ராபர்க்கும் தன் பலகையை நட்டார். சபோவின் பலகையைவிட அது ஒரு சாண் உயரம்.

இரண்டு பலகைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது புருஷன் பெண்டாட்டி கல்லறை மாதிரி இருக்கிறது என்றார் வெர்னா. ஒன்றைப் பிடுங்கலாம் என்றால் எதைப் பிடுங்குவது? இரண்டையும் பிடுங்கினால் இரண்டு பேரும் சண்டைக்கு வருவார்கள். தேர்தல் முடிவதற்குள் மழை அடித்துச் சாய்த்துவிட்டால் நல்லது என்று நோவாக் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை வருவதற்குள் சபோவுக்குப் பல்லுறை ஒன்று கழன்றுவிட்டது. அவர் நேரம் வாங்காமல் ஓடிவந்தபோது முன்னறையில் ராபர்க் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு பெண்மணிக்குப் பல் அடைக்கிற சாந்து வைத்துக்கொண்டிருந்த நோவாக்குக்கு முதலில் மெதுவான குரல்களும், பிறகு அவ்வளவு மெதுவாக இல்லாத குரல்களும் கேட்டன. டாக்டர் தன் ஆள் என்றார் ஒருவர். டாக்டர் என்ன சொன்னார் என்று தனக்குத் தெரியும் என்றார் மற்றவர். வெர்னா தடுப்பதற்குள் இருவரும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

"டாக்டர், இவர் முன்னாடி சொல்லுங்க. என்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றார் சபோ. உறை இல்லாத பல் வழியே காற்று போனதால் அது விசிலோடு வந்தது.

"ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றார் நோவாக்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரை நம்ப முடியாது என்பதுதான் அந்தத் தேர்தலில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயமாக இருக்கும். ஒன்றாகவே வெளியே போனார்கள். ஆளுக்கு ஒரு பலகையைப் பிடுங்கிக் காரில் போட்டுக்கொண்டார்கள். புல்தரையில் இரண்டு குழி மிஞ்சியது. அந்த வாரத்துக்குள் கார் தொழிற்சாலைக் குடும்பங்களும் டயர்க் கடைக் குடும்பங்களும் வெர்னாவைக் கூப்பிட்டுத் தங்கள் நேரங்களை ரத்து செய்தார்கள். நாற்காலியில் இருந்த பெண்மணி எந்தப் பக்கமும் சேராதவர். அவருக்கு வைத்த சாந்து மட்டும் கோணலாக இறுகிவிட்டது. அவரும் போய்விட்டார்.

நோவாக் கோபத்தில் ஒரு அட்டையை எடுத்துத் தடித்த பேனாவால் எழுதி வாசல் கதவில் ஒட்டினார். 'இங்கே பல்லைப் பற்றி மட்டுமே பேசப்படும்.'

மறுநாள் காலை எதிர் நடைபாதையில் மிஸஸ் ஆட்கின்ஸ் நின்றுகொண்டிருந்தார். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளிருக்குக் குல்லாய் போட்டிருந்தார். கையில் ஒரு குச்சி, அதில் ஒரு அட்டை, அதில் பேச்சுச் சுதந்திரம் வாழ்க என்று அழகான கையெழுத்து. போகிற கார்கள் ஹார்ன் அடித்தன. எந்தப் பக்கத்துக்கு ஆதரவாக அடிக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை, நோவாக்குக்கும் தெரியவில்லை.

நோவாக் ஒரு கோப்பைக் காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"மிஸஸ் ஆட்கின்ஸ், நீங்கதானே நான் பேசினதைக் கேக்க முடியாம எழுந்து போனீங்க?"

"ஆமா. நீங்க பேசினது முழுக்கத் தப்பு."

"சரி, இப்போ பேசலையே."

"அதுதான் பிரச்சினை. நீங்க பேசினாத்தானே அது தப்புன்னு நான் எழுந்து போக முடியும்? என் உரிமையை நான் எங்க போய்க் காட்டறது?"

அவர் காப்பியை வாங்கிக்கொண்டார். அந்தப் பாதி துளைத்த பல்லை வேறு இடத்தில் அடைத்துக்கொண்டதாகவும், அங்கே டி.வி. மட்டும்தான் பேசுகிறது, எழுந்துபோனாலும் அதற்கு உறைக்கவில்லை என்றும் சொன்னார். இங்கே திரும்பி வருவீர்களா என்று நோவாக் கேட்டதற்கு, அது கொள்கை விஷயம் என்றார்.

அட்டையைக் கிழித்துப் போட்ட பிறகும் யாரும் வரவில்லை. வெர்னா குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தார். நோவாக் சுத்தமாக இருந்த கருவிகளை மறுபடியும் சுத்தம் செய்தார். வெளிவட்டச் சாலைக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். கோட்டு போட்ட ஓர் இளைஞர் வந்து, டாக்டர் தங்களிடமே வேலைக்குச் சேர்ந்துகொள்ளலாம், நோயாளிகளிடம் என்ன பேச வேண்டுமென்று அச்சடித்துத் தருவோம் என்றார்.

அவர் போனதும் நோவாக் வெகுநேரம் நோயாளியின் நாற்காலியில் தாமே படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் அவர் அப்பா செருப்புத் தைத்தார். அப்பாவும் பேசுவார். காலில் ஒரு செருப்போடு நிற்கிறவன் பாதியில் எழுந்துபோக முடியாது என்பதால் அவருக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை.

"இந்த இடத்தை வித்துடலாம்னு பாக்கறேன் வெர்னா."

வெர்னா பேனாவை மூடினார். இருவருக்கும் அந்த இடத்தில் பாதி வாழ்க்கை போயிருந்தது. ஊரிலேயே அவருடைய அபிப்பிராயங்களைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மொத்தமாகக் கேட்டவர் வெர்னா ஒருவர்தான். ஒரு தடவையாவது தன் அபிப்பிராயத்தைச் சொன்னதில்லை.

"எனக்கு வேற வேலை கிடைக்கும் டாக்டர்," என்றார். "உங்களுக்குத்தான் வேற காது கிடைக்காது."

வெள்ளிக்கிழமை ஆர்வில் டிட்மர் வந்தார்.

டிட்மர் கண்ணாடித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, வாய் திறவாத மனிதர். மற்றவர்கள் வருடத்துக்கு ஓரிரு முறை பல்லைக் காட்டினால் இவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்துவிடுவார். ஈறு கொஞ்சம் பலவீனம் என்பார். பார்த்தால் பழுதில்லாத ஈறு. நோவாக் பேசுகையில் இடைமறிக்க மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். கண்ணைக்கூட மூடாமல் கேட்பார். மௌனம் தொடங்கிய பிறகு ஒரு முறை வந்து ஏமாந்த முகத்தோடு போயிருந்தார். அடுத்த வாரமே வேறொரு பல் வலிக்கிறதென்று மறுபடி வந்தார். அதிலும் ஒன்றுமில்லை. இப்போது மூன்றாவது முறை.

நாற்காலியில் உட்கார்ந்தார், ஆனால் சாயவில்லை.

"டாக்டர், என் மேல ஏதாவது கோபமா?"

"உங்க மேல எனக்கென்ன கோபம் ஆர்வில்?"

"அப்புறம் ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

பேசினதாலும் பேசாததாலும் வந்த வினையை நோவாக் சொன்னார். லிண்ட்மன், ரேடியோ, இரண்டு பலகை, மிஸஸ் ஆட்கின்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். டிட்மர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தொப்பியை மடியில் வைத்து உருட்டியபடி சொன்னார்:

"எனக்குப் பல்லுல ஒரு கோளாறும் இல்லை டாக்டர். எப்பவுமே இருந்ததில்லை. நீங்க பேசறதைக் கேக்கத்தான் வர்றேன்."

நோவாக் கருவித் தட்டைத் தள்ளி வைத்தார். திரும்பி நின்று கையுறையைக் கழற்றினார், முகமூடியைக் கழற்றினார். கதவைச் சாத்திவிட்டு, சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிட்மருக்கு எதிரே உட்கார்ந்தார். இத்தனை வாரங்களாக அடைத்து வைத்ததெல்லாம் வந்தது. நகரசபைக்குச் சபோதான் வருவார், ராபர்க் டயர் விற்கத்தான் லாயக்கு என்றார். குளிர்காலத்துக்குள் வட்டி இறங்கிவிடும் என்றார். டெட்ராய்ட் புதிதாகப் பிடித்து வைத்திருக்கிற பந்தெறிகிற பையன் இரண்டு ஆட்டம் தாங்க மாட்டான், வருகிற ஞாயிற்றுக்கிழமை எதிரணி அவனை மைதானத்தோடு சேர்த்துச் சுருட்டிவிடும் என்றார்.

"ஞாயித்துக்கிழமை நிச்சயமாவா?" என்று கேட்டார் டிட்மர்.

"சத்தியமா."

"வட்டி இறங்குமா?"

"இறங்காம எங்க போகும்?"

இவ்வளவு கவனமாக யாரும் அவரைக் கேட்டதில்லை. நோவாக் எழுந்து நடந்துகொண்டே பேசினார். கடைசியாகத் தன் விஷயத்துக்கு வந்தார். இந்தத் தெரு செத்துவிட்டது, இன்னும் கொஞ்ச வருஷத்தில் நடைபாதையில் புல் முளைக்கும், தொழிற்சாலைக் கட்டடத்தை யாரும் எடுக்கப்போவதில்லை, இந்தப் பக்கம் ஒரு சதுர அடி வாங்குகிறவனுக்கும் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும் என்றார். தன் கட்டடத்தை விற்றுவிட்டுப் போகப்போவதாகவும் சொன்னார். டிட்மர் அதுவரை உருட்டிக்கொண்டிருந்த தொப்பியை நிறுத்தினார்.

"இந்தத் தெரு தேறவே தேறாதுங்கறீங்க."

"என் வாழ்நாள்ல எதையும் இவ்வளவு உறுதியாச் சொன்னதில்லை ஆர்வில்."

டிட்மர் எழுந்து நோவாக்கின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். ஈறைக்கூடக் காட்டாமல் வேகமாக வெளியே போய்விட்டார்.

நோவாக் முன்னறைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது, முடி கலைந்திருந்தது, பல வாரங்களுக்குப் பிறகு மனிதர் பழைய மனிதராக இருந்தார். விற்கிற யோசனையைத் தள்ளிவைக்கலாம் போலிருக்கிறது என்று வெர்னாவிடம் சொன்னார். ஊர் முழுக்க வேண்டியதில்லை, தன் வார்த்தையை மதிக்கிற ஒரு மனிதன் இருந்தால் போதும், அந்த ஒருவனுக்காகவாவது திறந்து வைத்திருக்கலாம் என்றார். வெர்னா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே டிட்மரின் வண்டி கிளம்பவில்லை. உள்ளே அவரும் அவர் மனைவி பாலெட்டும் ஏதோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் இறங்கி உள்ளே வந்தார்கள். பாலெட் உருண்டு திரண்ட, சிரித்த முகத்துக்காரி. டாக்டரை அவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை. தங்கள் வீட்டில் தினமும் அவர் பேச்சுதான் என்று கையைக் குலுக்கினார்.

டிட்மர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டாக்டர், இந்தக் கட்டடத்தை நாங்க வாங்கிக்கறோம். பக்கத்துக் கட்டடத்தையும் கேக்கலாம்னு இருக்கோம். நீங்க எங்கயும் போக வேணாம். வாடகை தர வேணாம். இதே நாற்காலியில இருந்து பேசிட்டிருந்தாப் போதும்."

நோவாக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஆர்வில், இப்பத்தானே தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னேன், இந்தத் தெரு தேறாதுன்னு?"

டிட்மர் தன் காலணியைப் பார்த்தார். பாலெட்தான் டாக்டரின் தோளை அன்போடு தட்டிக் கொடுத்தார்.

"அதைக் கேட்டதும்தானே டாக்டர் இவர் காருக்கு ஓடி வந்தார். ஏரிக்கரையில நாங்க வீடு கட்டினதே, பங்கு வாங்கறதுல இருந்து ஞாயித்துக்கிழமை பந்தயம் கட்டறது வரைக்கும், இத்தனை வருஷமா நீங்க சொன்னதுக்கெல்லாம் நேர்மாறாச் செஞ்சுதானே."